அந்த 430 சதுர அடி எங்கே?

அட்வான்ஸ் கொடுத்த வீட்டிலிருந்து பின்வாங்கி, வாடகை வீட்டு மொட்டைமாடியில் வெண்டை போட்ட கதை

“அதுல ஒரு முருங்கை வச்சுக்கலாமா தம்பி?”

அம்மா இதைக் கேட்டபோது அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும்தான். தாம்பரத்தைத் தாண்டிக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகம் அது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே கட்டடத்தின் குட்டி மாதிரி, ஓரமெல்லாம் பச்சை ஸ்பாஞ்சில் செய்த மரங்கள். விற்பனைப் பிரதிநிதி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்: “மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம், 1,060 சதுர அடி. அதோட 430 சதுர அடி மண்ணும் சார் பேர்ல பத்திரமாகும்.” இத்தனை சொற்களில் அம்மா காதில் விழுந்தது மண் ஒன்றுதான்.

“அம்மா, அது யூ.டி.எஸ். எல்லாருக்கும் பொதுவுல இருக்கும். இதுதான் உங்க இடம்னு கை காட்ட முடியாது” என்றார் அந்தப் பையன். நல்ல பையன். குரலில் கேலி இல்லை.

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 50,000 ரூபாய்க்கு செக் எழுதினேன். இது 2024 பிப்ரவரியில்.

யூ.டி.எஸ். என்பது பிரிபடாத மனைப் பங்கு. அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவருக்குச் சட்டப்படி சேரும் நிலம் அதுதான். கட்டடம் பழசாகிப்போனாலும் மதிப்பு நிற்பது அந்தப் பங்கில்தான். எங்களுடையது 430 சதுர அடி. ஒரு சென்ட் என்பதே 435.6 சதுர அடி. ஆக, முழுசாக ஒரு சென்ட்கூட இல்லை. இதற்கான முன்பணத்தில் பெரும்பகுதி அம்மாவுடையது. மன்னார்குடிப் பக்கம் தாத்தாவின் வீட்டையும் கொல்லையையும் நாலு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்ததில் அவள் பங்குக்கு வந்தது 14 லட்சம். பிரித்த மண்ணை விற்றுவிட்டு, பிரிக்கவே முடியாத மண்ணை வாங்க வந்திருந்தோம். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

கால்குலேட்டர் இரவுகள்

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நோட்டு இருக்கும். எங்கள் வீட்டில் அது மகளின் பழைய ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு. முன்பக்கம் பின்ன எண்கள், பின்பக்கம் எங்கள் எதிர்காலம்.

வீட்டு விலை 68 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்பதால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் 3 லட்சத்து 40 ஆயிரம். முடிவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு இந்த வரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. அடுத்து பத்திரச் செலவு. 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீடுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிவரை முத்திரைத்தாள், பதிவு எல்லாம் சேர்த்து 7 சதவீதம். அது 4 லட்சத்து 76 ஆயிரம். கார் நிறுத்த, கரன்ட் டெபாசிட், சங்கத்துக்கு முன்கூட்டியே இரண்டு வருஷப் பராமரிப்பு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வரி கூடிக்கொண்டே போனது.

கடன் 50 லட்சம். எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருஷம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய். மொத்தம் கட்டுவது ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கு மேல். அப்போது நாங்கள் குரோம்பேட்டையில் கொடுத்துக்கொண்டிருந்த வாடகை 16,000. எனக்கு வயது 42. கடைசித் தவணை கட்டும்போது 62. இந்தக் கணக்கை மனைவி போட்டுக்காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினாள்.

1,060 சதுர அடி என்றார்களே, கதவைத் திறந்து உள்ளே போய்க் காலால் நடக்கக்கூடிய இடம் 735 தான். மீதி லிஃப்டிலும் படிக்கட்டிலும் சுவரின் கனத்திலும் கரைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபிறகு உள்ளளவான கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்லி விற்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். வாயால் பேசும்போது இன்னும் பழைய கணக்குதான்.

இதெல்லாம் தெரிந்தும் நாங்கள் பின்வாங்கவில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டரை லட்சம் கட்டினோம். பணக்கணக்கைப் பார்த்து யாரும் வீட்டைக் கைவிடுவதில்லை என்பது என் அனுபவம். கடன் வாங்கியாவது சமாளித்துவிடலாம் என்றொரு தைரியம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. மகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி ‘சொந்த வீடா?’ என்பதுதான் என்று என் மாமா சொன்னார். மகள் அப்போது எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்தாள்.

இரட்டைக் கோடு

மச்சினரின் நண்பர் ஒருவர் செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர் ஒருநாள் போன் செய்தார். “பத்திரமெல்லாம் சுத்தமா இருக்கு. ஒண்ணு மட்டும் நேர்ல காட்டணும். வாங்க.”

மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, கம்பெனிக்காரர்கள் கொடுத்த வழவழப்பான பிரசுரம். அதில் கட்டடத்துக்கு முன்னால் 30 அடி அகலச் சாலை, இருபுறமும் மரங்கள், நடுவில் நாயோடு நடக்கும் ஒரு பெண். இன்னொன்று வருவாய்த் துறையின் புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவோடு வரைந்து வைத்திருக்கும் படம் அது. அந்த 30 அடிச் சாலை ஓடும் இடத்தில் புலப்படத்தில் நெளிந்து நெளிந்து ஓர் இரட்டைக் கோடு போனது. அதன்மேல் விரலை வைத்தார். “வாய்க்கால்.”

கிராமத்தின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் அந்தத் துண்டு வாய்க்கால் புறம்போக்கு என்றே இருந்தது.

“சட்டவிரோதமா?” என்றேன்.

“அப்படிச் சொல்லமாட்டேன். சின்னப் பாலம் கட்டி ரோடு போட அனுமதி வாங்கியிருக்கலாம். கேட்டேன், ‘ப்ராசஸ்ல இருக்கு’ன்னாங்க. பிரசுரத்துல ரோடு இருக்கு, கையில பேப்பர் இல்ல. அவ்வளவுதான்.”

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் புலப்படம், ‘அ’ பதிவேடு, பட்டா எல்லாவற்றையும் அரசின் நில ஆவண இணையதளத்தில் நாமே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறை தளத்தில் காசு கொடுக்காமலே பார்க்க முடியும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். நான் செக் எழுதுவதற்கு முந்தின இரவு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த இரட்டைக் கோட்டை நானே பார்த்திருப்பேன். அந்த இரவு நான் மாடுலர் கிச்சன் வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விற்பனை அலுவலகத்துக்குள் போகாமல், பக்கத்துத் தெருக்களில் நானும் மனைவியும் நடந்தோம். பழைய காம்பவுண்டு சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் வீடு வீடாகத் தொடர்ந்தது. மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் முதல் வாரத்தில் கொட்டியது. நாங்கள் பார்த்தது அதற்கு நாலு மாதம் கழித்து. டீக்கடை அக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இது பரவால்ல சார். 2015ல இந்த ஷட்டரே தெரியல.” அந்த வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பார்த்துவிட்டு, மறந்துவிட்டு, அதே பக்கம் வீடு தேடிப் போனோம். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது என்று விற்பனைப் பையன் சொன்னது உண்மைதான். மூன்றாவது மாடியிலிருந்து பால் வாங்க இறங்க வேண்டுமே!

திரும்பி வரும்போது மனைவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள். “ஏங்க, வேண்டாம்னுதானே உங்களுக்கும் தோணுது?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி விவாதிக்கவே இல்லை.

நின்றுபோன கல்யாணம்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். இரண்டையும் பாதியில் நிறுத்திப்பார் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. சொந்தபந்தத்தில் செய்தி பரவிய விதம், நிச்சயதார்த்தம் முடிந்த பெண் வேண்டாம் என்று சொன்னதுபோலத்தான் இருந்தது. விசேஷ வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் குரல் தணிந்தது. “லோன் கிடைக்கலையாம்.” “வேலையில ஏதோ பிரச்சனையாம்.” மாமா நேராகவே கேட்டுவிட்டார். “மாப்ளே, மண்ணுல போட்ட காசு வீண் போகாதுய்யா. அட்வான்ஸ் போட்டுட்டு யாராவது வாபஸ் வாங்குவாங்களா?”

வாபஸ் வாங்குவதற்கு உள்ள வழியைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்த ஒரு விதியால்தான் எங்கள் கழுத்து தப்பியது. ‘இந்த மாசத்துக்குள் 15 லட்சம் கட்டினால் சதுர அடிக்கு 200 ரூபாய் தள்ளுபடி’ என்று அவர்கள் கேட்டபோது, முதலில் ஒப்பந்தத்தைப் பதியுங்கள் என்று வக்கீல் சொல்லச் சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. நாங்கள் கொடுத்திருந்தது 3 லட்சம்தான்.

சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெற 18ஆம் பிரிவு இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவது. அதிகம் பேசப்படாதது 12ஆம் பிரிவு. விளம்பரத்திலோ பிரசுரத்திலோ மாதிரி வீட்டிலோ தவறான தகவலைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியிருந்தால், வாங்குபவர் விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். நம்முடைய சொந்தக் காரணத்துக்காக விலகினால் கதை வேறு. அப்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட புக்கிங் படிவம் பேசும். எங்கள் படிவத்தின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், ரத்துச் செய்தால் ஒரு லட்சம் பிடித்தம் என்று இருந்தது.

வக்கீல் எழுதிய கடிதத்தில் கோபமே இல்லை. பிரசுரத்தின் நகல், புலப்படத்தின் நகல், ‘இந்தச் சாலைக்கான அனுமதி ஆணையை அனுப்பவும்’ என்று ஒரு வரி, 12ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இன்னொரு வரி. நாலு மாதம் இழுத்தார்கள். மேலாளர் லீவில் இருந்தார், பிறகு வேறு கிளைக்குப் போனார், பிறகு புது மேலாளருக்கு ஃபைல் போய்ச் சேரவில்லை. கடைசியில் இரண்டு செக்குகளாக 2 லட்சத்து 75 ஆயிரம் வந்தது. 25,000 நிர்வாகச் செலவாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயிருந்தால் அதையும் வாங்கியிருக்கலாம் என்றார் வக்கீல். எனக்குத் தெம்பு இல்லை. வங்கிக் கடன் விண்ணப்பக் கட்டணம் 5,900, வக்கீலுக்கு 5,000. மொத்த நஷ்டம் 35,900 ரூபாய். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி அடிக்கோடு போட்டாள் மனைவி.

ஆடியில் என்ன செய்வது?

முதல் செக் வந்தது ஆடி பிறந்த வாரத்தில். அம்மாவின் 14 லட்சத்தைத் தொடாமல் அவள் பேருக்கே வைப்புநிதியில் போட்டாயிற்று. அன்று மாலை காபி குடித்துக்கொண்டிருந்தவள், “ஆடிப் பட்டம் வந்துடுச்சு. இப்ப என்ன பண்ணப்போறோம்?” என்றாள். வீட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, “பாப்போம்மா, அடுத்த வருஷம்...” என்று இழுத்தேன்.

“விதையைக் கேக்குறேன்டா.”

எங்கள் ஹவுஸ் ஓனர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் அவர், மாடியில் நாங்கள், அதற்கு மேல் மொட்டைமாடி. அங்கே அவருடைய உடைந்த சோபா ஒன்றும் எங்கள் துணிக்கொடியும் தவிர ஏதும் இல்லை. அனுமதி கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “தம்பி, ஒழுகிச்சுன்னா யார் பதில் சொல்றது?”

நியாயமான பயம். எனக்குத் தெரிந்த கட்டடப் பொறியாளரை ஒரு ஞாயிறு கூட்டிவந்தேன். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயப்படி சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ சுமை கணக்கிட்டுத்தான் தளம் வடிவமைக்க வேண்டும் என்று ஓனருக்கு விளக்கினார். நனைந்த பை ஒன்று 20 கிலோ என்றால் நாலு பை வைத்தாலும் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே போகும். ஆனாலும் நடுத்தளத்தில் குவிக்காமல், சுவருக்கும் உத்திரத்துக்கும் மேலாக ஓரமாகவே வைக்கச் சொன்னார். “சுமையால ஒழுகாது சார். தண்ணி தேங்குறதாலயும் வேர் இறங்குறதாலயும்தான் ஒழுகும்” என்றார். அதனால் தரையில் எதுவும் உட்காரக் கூடாது என்று ஒப்பந்தம். செங்கல் வைத்து, மேலே பழைய மரச்சட்டம் போட்டு, அதன்மேல்தான் பை. கீழே தினமும் பெருக்கித் துடைக்க வேண்டும். ஓனர் அம்மாவிடம், “முதல் காய் எனக்கு” என்றார். பதிவு செய்யாத அந்த ஒப்பந்தத்தை இரு தரப்பும் கடைசிவரை மீறவில்லை.

தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தொகுப்பை மானியத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவந்தது. ஆறு பை, பை ஒன்றுக்கு 2 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய். இதில் ஆரம்பித்தோம். மூன்று மாதத்தில் 40 பையாயிற்று.

சென்னையில் மண் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நர்சரியில் செம்மண் மூட்டை 120 ரூபாய். நாலு மூட்டையை இரண்டு மாடி ஏற்றியபோது முதுகு பிடித்துக்கொண்டது. அம்மா படியில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி, முகர்ந்து, விரலில் தேய்த்து, “களி இல்ல. பரவால்ல” என்றாள். அந்த ஒரு கை மண்ணைப் பார்த்தேன். என் மண் என்று நான் முதன்முதலாகக் கை காட்ட முடிந்தது அதைத்தான்.

முதல் தப்பு நார்க்கழிவில். கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கிப் பொலபொலவென்று வருகிறது, அப்படியே போட்டுவிட்டேன். அதில் இருக்கும் உப்பை இரண்டு மூன்று தடவை அலசி வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். பத்து நாளில் கத்தரி நாற்றுகளின் இலையோரம் கருகிச் சுருண்டது. எல்லாப் பைகளையும் கவிழ்த்து, அலசி, செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சரிசமமாகக் கலந்து மறுபடி நிரப்பினோம். ஆடிப்பெருக்கு அன்று அம்மா வெண்டை விதையை ஊன்றினாள், பைக்கு இரண்டு. சுரையும் பட்ட அவரையும் ஓரத்துப் பைகளில். பெயின்ட் கடையில் வாங்கிய நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, உறவுக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைப் போத்து ஒன்றை நட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மூன்று வெண்டைக்காய்

நாற்பத்தேழாவது நாள் வெண்டை காய்த்தது. மூன்று.

மாடித் தோட்டக்காரர்கள் யாரும் வெளியில் சொல்லாத ரகசியம் இது. செடி காய்ப்பது நம் வீட்டு அளவுக்கு அல்ல, அதன் இஷ்டத்துக்கு. மூன்று வெண்டைக்காயில் நாலு பேருக்குப் பொரியல் ஆகாது. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டால் முற்றி நார் பாய்ந்துவிடும். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், வளைந்தால் போச்சு. முதல் மூன்றும் வாக்குப்படி கீழ்வீட்டுக்குப் போயின. அடுத்தடுத்துப் பறித்ததை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் சேர்த்து, ஒன்பது ஆனதும் புரட்டாசி சனிக்கிழமை மோர்க்குழம்பு வைத்தாள் மனைவி. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கு எத்தனை துண்டு வந்தது என்று எண்ணியது எங்கள் வீட்டு வரலாற்றில் இடம்பெறும்.

சுரைக்காய்தான் எங்களை ஆட்டிவைத்தது. பூ பூவாகப் பூக்கும். பிஞ்சு கறுத்து உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று மீன் அமிலம் வேறு தயாரித்தேன். மீன்கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஓனர் வீட்டம்மா என்னோடு பேசவில்லை. விஷயம் உரத்தில் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் விரிந்து, ராத்திரிப் பூச்சிக்காகக் காத்திருப்பது. இரண்டு மாடி உயரத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், அந்தப் பூச்சி எங்கே வரும்?

ஒருநாள் ஆறரை மணிக்கு மகளும் நானும் செல்போன் டார்ச்சோடு ஏறினோம். பெண் பூவுக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு ரோமத்தோடு ஒரு குட்டிச் சுரை இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தக் குச்சியைப் பெண் பூவின் நடுவில் மெல்ல ஒத்தி எடுக்க வேண்டும். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒத்தினாள். பள்ளியில் மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரைந்து பாகம் குறித்தவள். “அப்பா, இதுல மார்க் வருமா?” என்றாள். நாலாம் நாள் பிஞ்சு தலை கவிழ்ந்து பருக்கத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் ஒன்றே கால் கிலோ. அதன் பிறகு மாலை ஆறரை மணி டியூஷன் வேறு நேரத்துக்கு மாற்றப்பட்டது.

நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல். கரை கடந்தது புதுச்சேரி பக்கம். ஆனால் அன்று பகலில் சென்னை விமான நிலையத்தையே மூடும் அளவுக்கு இங்கே மழை. குரோம்பேட்டையில் வழக்கமாகத் தலைக்கு மேல் இறங்கும் விமானச் சத்தம் இல்லாமல், மழைச் சத்தம் மட்டும். சுரைப்பந்தல் சாய்ந்தது. நானும் ஓனரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைகளைச் சுவரோரம் நகர்த்தினோம். அந்த வேளையில் தாம்பரத்துக்கு அப்பால் அந்த வாய்க்கால் என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. போய்ப் பார்க்கவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். விற்பனைப் பையன் மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறான். பதிலுக்கு ஒரு தடவை சுரைக்காய் படம் அனுப்பினேன். கை தட்டும் பொம்மை போட்டான்.

பட்ட அவரைக்கு மார்கழி வரவேண்டியிருந்தது. ஆடியில் போட்டால் பச்சையாகப் படர்ந்துகொண்டே இருக்கும். பகல் சுருங்கிக் குளிர் வந்தால்தான் பூவெடுக்கும். இது தெரியாமல் ஐப்பசியில் பிடுங்கிப் போடப் போன என்னை அம்மா தடுத்தாள். “அதுக்குத் தெரியும், நீ சும்மா இரு.” தை மாதம் முழுக்க அவரைக்காய்தான். தக்காளியும் அதே தை மாதம் காய்த்தது. 2023 ஜூலையில் கிலோ 150ஐத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்படி ஒரு காலத்தில் காய்த்திருக்கக் கூடாதா? எங்களுடையது பழுத்தபோது தெருவெல்லாம் தக்காளி வண்டி கூவிக்கொண்டு போனது. போதாக்குறைக்கு அணில் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போகும். ஒன்றை முழுசாகத் தின்று தொலைத்தால் என்ன என்று அம்மா அதனோடு சண்டை போட்டாள்.

லாபக் கணக்கைக் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்தில் பை, மண், உரம், நிழல்வலை, பந்தல் கம்பி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் செலவு. பறித்ததைக் கடை விலைக்குப் போட்டால் ஏறக்குறைய 7,000. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது மாடியில் உழுதவனுக்கும் பொருந்துகிறது. மாடித் தோட்டத்தில் மளிகைச் செலவு பாதியாகிவிட்டது என்று யூடியூபில் சொல்கிறவர்களிடம் நான் நோட்டைக் கேட்பேன். ஆனால் மாமா பொங்கலுக்கு வந்தவர், மாடியேறிப் பார்த்துவிட்டு, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஊர் கத்தரி மாதிரி இருக்கேய்யா” என்று அரைக்கிலோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

குட்டி யானை

2025 ஆடி மாதம் ஓனர் மேலே வந்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகன் பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறானாம். மொட்டைமாடியில் இரண்டு ரூம் எழுப்பப்போகிறார்களாம். “ஆவணியில பாத்துக்கோங்க தம்பி. அவசரமில்ல.” அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏறும்போதே வேட்டி மடிப்பில் இரண்டு வெண்டைக்காய் பறித்துச் செருகியிருந்தார்.

இதுதான் வாடகை வீடு. எங்கள் முடிவு சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், தவணை கட்டும் நண்பர்களைப் பார்க்கும்போது சரி என்று தோன்றுகிறது. சாமான் கட்டும்போது அப்படித் தோன்றவில்லை. பல்லாவரத்தில் தரைத்தள வீடு ஒன்று கிடைத்தது. வாடகை 18,500. பின்னால் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சிமென்ட் போடாத இடம். அதைப் பார்த்ததும் அம்மா சமையலறையைப் பார்க்காமலே சரி என்றுவிட்டாள்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் முதல் நடையில் போய்விட்டன. இரண்டாவது நடைக்கு வந்த குட்டி யானை வண்டிக்காரர், சுவரோரம் அடுக்கியிருந்த 46 பைகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“சார், இது பூரா மண்ணா?”

“ஆமா.”

“மண்ணுக்கு ஒரு ட்ரிப்பா? அங்க மண்ணு இல்லையா?”

அம்மாதான் பதில் சொன்னாள். “இது பழகுன மண்ணு தம்பி. பாத்து எறக்கு.”

இறக்குகூலி தனியாக 400 கேட்டார். கொடுத்தேன். முருங்கை டிரம்மை மட்டும் நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு சீஸன் காய்த்தும் இருந்தது. ஓனர், அது இருக்கட்டும், ரூம் கட்டும்போது ஓரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா அரிவாளை வாங்கி, கை கனத்தில் ஒரு கிளையை மூன்று அடிக்கு நறுக்கி, வெட்டுவாயில் சாணி அப்பி, ஈரச் சாக்கில் சுற்றினாள்.

வண்டியில் முன்சீட் அவளுக்கு. சாக்குச் சுருளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டதில் ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியது. கியர் போட இடிக்கிறது, பின்னால் வைக்கலாமா என்று டிரைவர் கேட்டார். அம்மா அதைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.